லிங்கைத் தட்டியவரைத் திட்டி என்ன பயன்? வாசகர் கேள்வி பதில்

கல்லூரி, பல்கலைக்கழகங்களின் கணினிப் பாதுகாப்பு பற்றி வாசகர்களை எங்களுக்குக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலவற்றில் ஒரே கவலைதான்: நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் தலையில் விழும்? அதனால் இந்த முறை அந்தக் கேள்விக்கே அதிக இடம் போய்விட்டது, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (கல்லூரி முதல்வர் ஒருவர்): எங்களுடையது சிறிய கல்லூரி. ரகசிய ஆராய்ச்சி இல்லை, பெரிய பணமும் இல்லை. எங்களைப் போய் யார் குறிவைக்கப் போகிறார்கள்?

பதில்: யாரும் குறிவைக்க மாட்டார்கள் என்பது ஓரளவு உண்மைதான் ஐயா. ஆனால் இப்போது நடக்கும் தாக்குதல்களில் பெரும்பாலானவை பெயர் பார்த்து வருவதில்லை. இணையத்தில் தெரிகிற முகவரிகளையெல்லாம் தானியங்கி மென்பொருள்கள் இரவும் பகலும் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. அப்டேட் செய்யாத ஒரு சர்வர், எங்கோ கசிந்த ஒரு பாஸ்வேர்டு, எது அகப்பட்டாலும் முதலில் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள், இது யாருடைய இடம் என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லிங்கன் கல்லூரி என்று ஒன்று இருந்தது. 1865-இல் தொடங்கிய சிறிய கல்லூரி. 2021 டிசம்பரில் அதை ரான்சம்வேர் தாக்கியது, அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் மென்பொருள். மாணவர் சேர்க்கை, எத்தனை பேர் படிப்பைத் தொடர்கிறார்கள் என்ற கணக்கு, நன்கொடை திரட்டுவது, மூன்றுக்குமான கணினிகளும் முடங்கின. ஒரு லட்சம் டாலருக்குக் குறைவான ஒரு தொகையைக் கொடுத்தும், எல்லாம் முழுதாகத் திரும்பி வர 2022 மார்ச் ஆகிவிட்டது. திறந்து பார்த்தால்தான் அடுத்த ஆண்டுச் சேர்க்கை எவ்வளவு விழுந்திருக்கிறது என்றே தெரிந்தது. மே 13 அன்று கல்லூரியை மூடினார்கள். கொரோனா ஏற்கெனவே அவர்களைத் தள்ளாட வைத்திருந்தது, எனவே தாக்குதல் ஒன்றுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் சேர்க்கைக்கு ஓடியாட வேண்டிய மாதங்களில் அவர்கள் கண்ணைக் கட்டிப் போட்டது அதுதான். பெரிய பல்கலைக்கழகம் அடிபட்டால் எப்படியாவது எழுந்துவிடும். உங்களைப் போன்ற கல்லூரிக்கு அந்தச் சேமிப்பும் இருக்காது, ஆள்பலமும் இருக்காது, அதனால்தான் நீங்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும் என்கிறேன்.

கேள்வி (சிஸ்டம் அட்மின் ஒருவர்): கல்லூரி முழுவதற்கும் நான் ஒருவன்தான் இருக்கிறேன். பேராசிரியர்கள் வருகிற லிங்கையெல்லாம் தட்டுகிறார்கள். பயிற்சி வகுப்பு நடத்தியும் மாறவில்லை. இவர்களைத் திருத்த என்ன வழி?

பதில்: திருத்துவதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை வேறு வேலைக்குக் கொடுங்கள் என்பதுதான் என் பதில். ஒரு பேராசிரியரின் அன்றாட வேலையே முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் கோப்புகளைத் திறப்பதுதான். ஆராய்ச்சிக்குச் சேர விரும்பும் மாணவரின் விண்ணப்பம், ஆய்விதழ் மதிப்பீட்டுக்கு அனுப்பும் கட்டுரை, மாநாட்டு அழைப்பு என்று நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். அவரிடம் தெரியாதவர் அனுப்பினால் திறக்காதீர்கள் என்று சொன்னால் அவர் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் இடத்தில் என்றைக்காவது யாராவது ஒருவர் தட்டத்தான் செய்வார். தட்டாமலும் இது நடக்கும். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் நடந்த ஊடுருவல் பற்றி அவர்களே அறிக்கை வெளியிட்டார்கள்; அதன்படி முதல் மின்னஞ்சலில் யாரும் எந்த லிங்கையும் தட்டவில்லை, அதை மேலோட்டமாகத் திறந்து பார்த்ததே தாக்கியவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நெதர்லாந்தில் உள்ள மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 2019 அக்டோபர் 15, 16 தேதிகளில் அங்கே ஃபிஷிங் மின்னஞ்சல்கள், அதாவது உண்மையானவை போல நடித்து ஏமாற்றும் மின்னஞ்சல்கள் வந்தன, திறக்கப்பட்டன. உங்கள் கணக்குப்படி தவறு அன்றே முடிந்துவிட்டது, குற்றவாளி மாட்டிக்கொண்டார். ஆனால் அன்று எதுவும் நடக்கவில்லை. உள்ளே வந்தவர்கள் பொறுமையாக நெட்வொர்க்கைச் சுற்றிப் பார்த்தார்கள். நவம்பர் 21 அன்று, பாதுகாப்பு அப்டேட் போடாமல் விட்டிருந்த ஒரு சர்வர் வழியாக அவர்களுக்கு முழு அதிகாரமும் கிடைத்தது. டிசம்பரில் ஒரு சர்வரில் இருந்த ஆன்டிவைரஸ் எச்சரிக்கை கொடுத்தது, தாக்கியவர்கள் அந்த ஆன்டிவைரஸையே நீக்கிவிட்டார்கள். டிசம்பர் 23 மாலை, விடுமுறைக்கு எல்லோரும் கிளம்பிய நேரத்தில், 267 விண்டோஸ் சர்வர்கள் பூட்டப்பட்டன. சில முக்கியமான பேக்கப்புகளும், அதாவது தரவின் மாற்றுப் பிரதிகளும், அதே நெட்வொர்க்கில் இணைந்தே இருந்ததால் அவையும் சேர்ந்து போயின.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் 23 வரை இரண்டு மாதத்துக்கும் மேல். இந்த இடைவெளியில் அப்டேட் போட்டிருந்தால் நின்றிருக்கும், எச்சரிக்கையை ஒரு ஆள் பார்த்திருந்தால் நின்றிருக்கும், பேக்கப்பில் ஒரு பிரதி தனியாக வெளியே இருந்திருந்தால் பணம் கேட்டவனை நீ போய் வா என்று சொல்லியிருக்கலாம். இந்த மூன்றில் எதுவுமே மின்னஞ்சலைத் திறந்தவரின் வேலை இல்லை. மூன்றுக்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும், "சனிக்கிழமை இரவு சர்வர் இரண்டு மணி நேரம் நிற்கும், யாரும் புகார் சொல்லக்கூடாது" என்று உத்தரவு போடும் அதிகாரம் வேண்டும். அது உங்களிடமும் இல்லை, அந்தப் பேராசிரியரிடமும் இல்லை, முதல்வரிடமும் நிர்வாகக் குழுவிடமும்தான் இருக்கிறது.

மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் 30 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் யூரோ கொடுத்தார்கள். நான் மதிப்பது அதற்குப் பிறகு செய்ததை: சில வாரங்களிலேயே எல்லோரையும் கூட்டி, என்ன நடந்தது, எங்கே விட்டோம், ஏன் பணம் கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நாம் இன்று இவ்வளவு தேதியோடு பேச முடிவதே அதனால்தான். அடிபட்ட எல்லாக் கல்லூரிகளும் இப்படிப் பேசினால் அடுத்த கல்லூரிக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! பெரும்பாலானவர்கள் வாயே திறப்பதில்லை, அது எனக்கு உண்மையாகவே வருத்தம். (நெதர்லாந்து காவல்துறை அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பின்னால் கண்டுபிடித்து முடக்கியது. பிட்காயின் விலை ஏறியிருந்ததால் 2022-இல் திரும்பி வந்தபோது அதன் மதிப்பு சுமார் 5 லட்சம் யூரோ. பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கான நிதியில் அதைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள்.)

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எல்லாவற்றையும் ஒரே ஆள் காப்பாற்ற முடியாது. மதிப்பெண் பதிவேடு, கட்டணக் கணக்கு, சம்பளம், மின்னஞ்சல், இவற்றில் எது எத்தனை நாள் இல்லாமல் கல்லூரி ஓடும் என்று ஒரு பக்கத்தில் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து மிக முக்கியம், பிறகு பட்ஜெட் கேட்கும்போது அதுதான் பேசும். மேலே வருகிற இரண்டு மூன்றுக்கு மட்டுமாவது நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த ஒரு பேக்கப் வைத்திருங்கள், செமஸ்டருக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அட்மின் கணக்குகள் அத்தனைக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போன் வழியாகவும் உறுதிசெய்வது போன்றது) போடுங்கள், முதலில் உங்களுடையதற்கு.

பயிற்சி வகுப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: தட்டிவிட்டால் உடனே எனக்கு போன் செய்யுங்கள், திட்ட மாட்டேன். திட்டு விழும் இடத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் செய்தி வரும். ஒரு மணி நேரத்தில் சொன்னால் ஒரு கணினியைக் கழற்றுவதோடு போயிற்று. எல்லாவற்றையும் நிறுத்தும் அளவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். 2019 டிசம்பரில் அவர்கள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டி வந்தது. பிறகு சுமார் 38,000 மாணவர்களும் பணியாளர்களும் அடையாள அட்டையோடு நேரில் வரிசையில் நின்று, புது பாஸ்வேர்டைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கேள்வி (அறிவியல் பேராசிரியர் ஒருவர்): எங்கள் ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி, அதை இயக்கும் கணினியில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. கணினிப் பிரிவு அதை உடனே அகற்றச் சொல்கிறது. கருவியை உருவாக்கிய நிறுவனம் புது மென்பொருள் தருவதாக இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. அதே சமயம் அவர்கள் பயப்படுவதும் சரிதான், எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். அதற்குப் பின் கண்டுபிடித்த ஓட்டைகளில் பெரும்பாலானவை அப்படியே திறந்துதான் கிடக்கின்றன. ஆனால் கருவியைத் தூக்கிப் போடவும் வேண்டாம், இணையத்தில் விடவும் வேண்டாம். அந்தக் கணினியை நெட்வொர்க்கில் தனிப் பகுதியாகப் பிரித்து, இணையத்தையும் மின்னஞ்சலையும் முழுதாக அடைத்துவிட்டு, தரவை எடுப்பதற்கு நடுவில் அப்டேட்டாக உள்ள ஒரே ஒரு கணினி வழியாக மட்டும் பாதை விடச் சொல்லுங்கள். கணினிப் பிரிவுக்கு இது ஒன்றிரண்டு நாள் வேலை. பென்டிரைவை அங்கும் இங்கும் செருகுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்த கருவி வாங்கும்போது எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், வாங்கிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பல்கலைக்கழகம் திறந்த இடமாக இருப்பதால்தான் ஆபத்து, ஆகவே வங்கி மாதிரி மூடிவிடலாம் என்று பேசுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இணையத்தைப் பரவலாக உலுக்கிய முதல் புழு (கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரல்) 1988 நவம்பர் 2 அன்று வளாகத்திலிருந்துதான் கிளம்பியது, கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எம்.ஐ.டி. கணினி வழியாக விட்டது, ஆயிரக்கணக்கான கணினிகள் ஸ்தம்பித்தன. அதைப் பிரித்துப் பார்த்து முறித்ததும் வளாகங்களில் இருந்தவர்கள்தான். பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் தூங்காமல் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் செய்தார்கள். அது முடிந்த கையோடுதான் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதல் கணினி அவசர உதவி மையமும் வந்தது. அந்தத் திறந்த மனதை மூடிவிட்டு எதைப் பாதுகாக்கப் போகிறோம்?

கேள்வி (விரிவுரையாளர் ஒருவர்): 90 நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். இதில் பயன் உண்டா?

பதில்: குறைவு. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததற்கு அடையாளம் இல்லாதபோது கட்டாயப்படுத்தி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்கள், வேறென்ன? நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு ஒன்று, கூடவே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. நீங்கள் கேட்காமலேயே போனில் "அனுமதிக்கவா?" என்று வந்தால் ஒருபோதும் ஆம் என்று தட்டாதீர்கள், உங்கள் பாஸ்வேர்டு வேறு யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி ஒருவர்): "உங்கள் நூலகக் கணக்கு காலாவதியாகிறது, உடனே உள்நுழையுங்கள்" என்று மின்னஞ்சல் வருகிறது. பக்கம் எங்கள் நூலகப் பக்கம் போலவே இருக்கிறது. நூலகக் கணக்கைத் திருடி என்ன செய்வார்கள்?

பதில்: நல்ல கேள்வி, பலருக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை. உங்கள் நூலகத்துக்கும் மின்னஞ்சலுக்கும் பெரும்பாலும் ஒரே பாஸ்வேர்டுதான், அது முதல் லாபம். இரண்டாவது, நூலகம் பெரும் சந்தா கட்டி வைத்திருக்கும் ஆய்விதழ்களை அப்படியே இறக்கி விற்கலாம். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை 9 ஈரானியர்கள் மீது பதிந்த வழக்கில் இந்த உத்திதான் வருகிறது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்கள், மற்ற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள், சுமார் 8,000 பேராசிரியர் கணக்குகள், 31 டெராபைட்டுக்கு மேல் தரவு என்பது குற்றச்சாட்டு. மின்னஞ்சலில் உள்ள லிங்கை விட்டுவிட்டு, நீங்களே நூலக முகவரியைத் தட்டச்சு செய்து போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் மென்பொருள்) வைத்திருந்தால் இன்னும் நல்லது, போலிப் பக்கத்தின் முகவரி வேறாக இருப்பதால் அது தானாக நிரப்பாது. நாம் கண்ணால் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது.

கேள்வி (கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்): எங்களுக்குக் கட்டடம் கட்டும் நிறுவனம் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. லோகோ, கையெழுத்து எல்லாம் சரி. மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். கனடாவின் மக்ஈவன் பல்கலைக்கழகம் 2017-இல் இதே போன்ற மின்னஞ்சலை நம்பி 1 கோடியே 18 லட்சம் கனடிய டாலரை அனுப்பியது. உண்மையான நிறுவனம் பணம் வரவில்லையே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பெரும்பகுதி பிறகு மீட்கப்பட்டது, அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் கிடைக்காது. பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள், இப்போது வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு வேண்டாம். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் இந்த ஒரு போனை விடாதீர்கள்.

கேள்வி (பெற்றோர் ஒருவர்): மகளின் கல்லூரி அவளுடைய விவரங்களை ஏதேதோ வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து கசிந்தால் யார் பொறுப்பு?

பதில்: சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் மகள் தகவலைக் கொடுத்தது கல்லூரியிடம், எனவே பதில் சொல்ல வேண்டியதும் கல்லூரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2020-இல் பிளாக்பாட் என்ற நிறுவனம் தாக்கப்பட்டபோது அதை நன்கொடைக் கணக்குக்குப் பயன்படுத்திய பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முன்னாள் மாணவர் தகவல்கள் போயின. 2023-இல் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் ஒரு ஓட்டை. அமெரிக்காவில் மாணவர் பதிவுகளைக் கையாளும் ஓர் அமைப்பு அதனால் பாதிக்கப்பட, கிட்டத்தட்ட 900 கல்லூரிகளின் மாணவர்கள் அதில் சிக்கினார்கள். அதற்கு அந்தக் கல்லூரிகளின் சொந்த சர்வரைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இப்போதைய கும்பல்கள் பூட்டுவதோடு நிற்பதும் இல்லை, திருடியதை வெளியிடுவோம் என்றும் மிரட்டுகிறார்கள். யூட்டா பல்கலைக்கழகம் 2020-இல் பேக்கப்பிலிருந்து மீண்டுவிட்டது, ஆனாலும் தகவல் வெளியே வரக்கூடாது என்பதற்காக அதன் தரப்பில் 4,57,059 டாலர் கொடுக்கப்பட்டது. போன தகவலுக்கு பேக்கப் உதவாது, வைத்திருக்காத தகவல்தான் திருட்டுப் போகாது. ஆகவே கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த நிறுவனத்திடம் என்ன விவரம் இருக்கிறது, படிப்பு முடிந்தபின் எப்போது அழிப்பீர்கள்? ஒரு பெற்றோர் கேட்டால் ஒதுக்குவார்கள், நாற்பது பேர் கேட்டால் யாராவது உட்கார்ந்து அந்தப் பட்டியலை முதன்முறையாகத் தயாரிப்பார்கள். பல இடங்களில் அப்படி ஒரு பட்டியலே இல்லை.

கேள்வி (இளநிலை மாணவர் ஒருவர்): எங்கள் கல்லூரித் தளத்தில் மதிப்பெண் பார்க்கும்போது முகவரியில் உள்ள பதிவு எண்ணை மாற்றினால் வேறொருவருடைய மதிப்பெண், போன் எண் எல்லாம் வருகிறது. சொன்னால் என்மேலேயே நடவடிக்கை எடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது தம்பி. கனடாவில் மான்ட்ரியல் நகரின் டாசன் கல்லூரியில் ஒரு மாணவர் இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னார், முதலில் பாராட்டினார்கள். சரிசெய்துவிட்டார்களா என்று பார்க்க இரண்டு நாள் கழித்துச் சோதனை மென்பொருள் ஒன்றை ஓட்டினார், அதற்காகக் கல்லூரியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 2013 ஜனவரியில் செய்தி வெளியே வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது, அந்தத் தளத்தை உருவாக்கிய நிறுவனமே அவருக்கு உதவித்தொகையும் வேலையும் தர முன்வந்தது. அந்த நீக்கம் தவறு என்றே நினைக்கிறேன். இதைப் படிக்கும் முதல்வர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், ஓட்டையைச் சொல்ல வருபவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும், நல்லெண்ணத்தோடு சொன்னால் நடவடிக்கை இல்லை என்று நான்கு வரி உறுதியும் தளத்திலேயே போட்டு வையுங்கள், செலவே இல்லாத பாதுகாப்பு அது.

உங்களுக்கு: இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டாம், எதையும் இறக்கி வைக்க வேண்டாம், நண்பர்களுக்குக் காட்ட வேண்டாம், எந்தச் சோதனை மென்பொருளையும் ஓட்ட வேண்டாம். நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் சொல்லி, அவரையும் முகவரியில் சேர்த்து முதல்வருக்கும் கணினிப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தப் பக்கம், என்ன தேதி, எண்ணை மாற்றியபோது என்ன தெரிந்தது, அத்தோடு நிறுத்திவிட்டீர்கள், எந்தப் பிரதியும் உங்களிடம் இல்லை, இவ்வளவு போதும். மற்றவர்களின் விவரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை இணைக்காதீர்கள், உங்கள் பக்கத்தின் படம் போதும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் கணினி அவசர உதவி மையத்துக்கு அதே மின்னஞ்சலை அனுப்புங்கள், பல நாடுகளில் அவர்களே கல்லூரியைத் தொடர்புகொண்டு பேசுவார்கள்.